பாதித் தலைக்கு நெல்லிச் சாறு

எங்கள் பிரிட்ஜின் மேல்தட்டில், மீன் பொதிகளுக்கு நடுவே, ஒன்றரைத் தட்டு நெல்லிச் சாற்றுக் கட்டிகள் மூன்று மாதமாகக் கிடந்தன. எறியவும் மனமில்லை, பூசவும் மனமில்லை. நேற்று அவற்றுக்கு ஒரு வழி பிறந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பழச்சாறு பூசினால் முடி வளருமா என்று என் தலையிலேயே பார்த்த கதை இது. மார்ச்சில் தொடங்கி இந்த மார்கழி வரை வந்துவிட்டது.

நான் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வீட்டிலிருந்து தைப்பவள். வயது 41. போன மார்கழி மழையோடு எனக்கு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தை, மாசி இரண்டு மாதமும் தலைக்கு ஒன்றுமில்லை. மார்ச் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை முழுகிவிட்டுத் துவாயால் துடைத்தபோது, கை நிறைய முடி வந்தது. அடுத்த செவ்வாய் அதைவிடக் கூட. தைத்துக் கொடுத்த பிளவுசில் என் முடி ஒட்டியிருக்கிறது என்று ஒரு வாடிக்கைக்காரி திருப்பிக் கொண்டுவந்து காட்டினாள். அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். கடும் காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து அது மொத்தமாக உதிரும், பிறகு தானே முளைக்கும், பொறுமையாக இருங்கள் என்று டொக்டர் சொன்னார். நான் பொறுமையாக இருக்கவில்லை. சித்திரைப் புதுவருடத்துக்குத் தலையில் மருத்துநீர் வைத்த பெரியம்மா, "என்னகா புள்ள, உச்சியெல்லாம் வெளிச்சமாக் கிடக்கு" என்று சொன்ன பிறகு யாரால் பொறுமையாக இருக்க முடியும்?

முதலில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை. பெரியம்மா சொன்ன வைத்தியம்தான். பொடுகும் போகும், வேரும் திறக்கும் என்றார். நாலு தேசிக்காயைப் பிழிந்து, தண்ணீர் கலக்காமல், பஞ்சால் தொட்டு வகிடு வகிடாகத் தேய்த்தேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்றுதானே நம் ஊர் நம்பிக்கை. ஊறட்டும் என்று விட்டுவிட்டு, காலை 11 மணி வெயிலில் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டேன். சாறு இடது நெற்றியால் வடிந்து கன்னப்பொறி வரைக்கும் வந்தது. கையால் வழித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அடுத்த நாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் சாறு வடிந்த வழியே நெற்றி சிவந்து, எண்ணெய் தெறித்ததுபோல் சின்னச் சின்னக் கொப்புளம். ஒரு கிழமையில் கொப்புளம் வற்றி, தேத்தண்ணி ஊற்றிய தழும்பு மாதிரி மண்ணிறக் கோடு ஒன்று நின்றுவிட்டது. பாமசியில் களிம்பும் வெயிலுக்குப் பூசும் கிரீமுமாக 950 ரூபா. தேசிக்காய் மாதிரிப் புளிப்பினங்களின் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் இப்படிச் சுடும் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வாமை இல்லை, யாருக்கும் வரும். தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நிற்பவர்களுக்கு விரலிலும் வருமாம். கோடு இப்போதும் மங்கலாக இருக்கிறது. எட்டு மாதம்.

அதற்குப் பிறகு வெங்காயம். வெங்காயம் பழமில்லை, தெரியும். ஆனால் சாறு என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். ஏ.எல். உயிரியல் படிக்கும் மகள் போனில் வாசித்துக் காட்டினாள். 2002இல் ஈராக்கில் செய்த ஒரு ஆய்வு. புழுவெட்டு விழுந்தவர்கள் 23 பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் பச்சை வெங்காயச் சாறு பூசியதில், ஆறு கிழமையில் 20 பேருக்கு முடி முளைத்ததாம். நான் துள்ளிக் குதித்தேன். மகள்தான், "அம்மா, அது வட்டமா விழுற புழுவெட்டு. உங்களுக்கு அது இல்ல" என்றாள். புழுவெட்டு உடம்பே தன் முடி வேரைத் தாக்குவதால் வருவது, காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவது வேறு. கேட்டேனா? இல்லை. ஒரு கிலோ சின்ன வெங்காயம் 420 ரூபா. உரித்து, இடித்து, துணியில் பிழிந்து இரண்டு கிழமை பூசினேன். தலை முழுகினாலும் மணம் போகவில்லை. வியர்த்தால் திரும்பவும் கிளம்பும். பிளவுஸ் அளவு எடுக்க நெருங்கி நிற்கும் தொழில் எனக்கு. அளவு எடுக்கும்போது ஒரு பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். நெஞ்சளவு பிழைத்தது அன்றைக்குத்தான். வெங்காயத்தை விட்டேன்.

மூன்றாவதாக நெல்லி. இதில்தான் நான் ஒழுங்காக இறங்கினேன், இதில்தான் இரண்டு தரம் தொடங்கவும் வேண்டி வந்தது.

மே நடுவில் காத்தான்குடிச் சந்தையில் ஒரு கிலோ வாங்கினேன், 400 ரூபா. "ஊறுகாய்க்கா தங்கச்சி, எண்ணெய் காய்ச்சவா?" என்று கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார். தலைக்கு என்றதும் அவரது கை நெற்றிக்கு மேலே போனது. அவருக்கு அங்கே தடவ ஒன்றும் இல்லை. "எங்கட உம்மா இரும்புத் தாச்சியிலதான் காய்ச்சுவா" என்றார். சரி, நானும் இரும்புத் தாச்சியை எடுத்தேன். நெல்லியை வெட்டி, நாலு கோப்பைத் தண்ணீரில் ஒரு கோப்பையாக வற்றும்வரை காய்ச்சி, அப்படியே இரவு மூடிவைத்தேன். விடியப் பார்த்தால் மை மாதிரிக் கறுப்பு. நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்.

இந்த இடத்தில் மகள் குறுக்கே வந்தாள். "முழுத் தலைக்கும் பூசினா எதால வளர்ந்தது எண்டு எப்பிடித் தெரியும்? பாதிக்குப் பூசுங்க, மற்றப் பாதிக்குத் தண்ணி பூசுங்க." முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், ஒரு துணி சாயம் போகுமா என்று பார்க்க நான் செய்வதும் அதுதான். பாதியை நனைத்து, பாதியை உலரவிட்டுப் பக்கத்தில் வைத்துத்தானே பார்ப்பேன்.

நடு வகிடு எடுத்து, இடப்பக்கம் நெல்லி, வலப்பக்கம் வெறும் கிணற்றுத் தண்ணீர். இரண்டு பக்கமும் மூன்று நிமிடம் விரலால் தேய்ப்பு. முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் முழுக்கு. தேங்காய் எண்ணெய் இரண்டு பக்கமும் ஒரே அளவு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு உடுப்புத் தைக்கக் கொடுத்தவர்கள் கூட்டம் சேர்ந்ததால் ஒரு கிழமை தவறவிட்டேன். மற்றப்படி மூன்று கிழமை நடந்தது. மூன்றாம் கிழமை கண்ணாடியில் பார்த்தால் இடப்பக்கம் அடர்த்தியாகத் தெரிந்தது. போனில் படம் எடுத்துப் பார்த்தோம். படத்திலும் இடப்பக்கம் அடர்த்தி. பெரியம்மாவை வரச்சொல்லிக் காட்டினேன். "நான் சொன்னன் தானே" என்றார், அவர் சொன்னது தேசிக்காயை என்பதை மறந்து.

மகள் தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு பஞ்சைத் தேசிக்காய்ப்புளியில் நனைத்து (நிழலில், முழுகுவதற்கு முன்) வகிட்டின் இடப்பக்கம் ஒரு தேய் தேய்த்தாள். பஞ்சு கறுப்பு. முடி கூடவில்லை, தலைத்தோலே கறுத்திருந்தது. வெள்ளைத் தோலுக்குப் பதில் கறுத்த தோல் தெரிந்தால், முடிக்கு நடுவே இருக்கும் வெளி கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான். தலையணை உறை இரண்டும் மை பிடித்துக் கெட்டதும் ஏன் என்று அப்போது விளங்கியது. மூன்று கிழமை வேலை வீண். ஆனால் இரும்புத் தாச்சி நெல்லி எண்ணெய்க்கு ஊரில் இவ்வளவு பெயர் எப்படி வந்தது என்பது எனக்குத் தெளிந்தது அன்றைக்குத்தான். நரையை மறைக்க அது நல்ல மை. அதற்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது.

ஜூன் இரண்டாம் கிழமை திரும்பத் தொடங்கினோம். இந்த முறை இரும்பு இல்லை, அடுப்பு இல்லை, பச்சைச் சாறு.

சாறு எடுப்பதிலும் பிழை விட்டுத்தான் பழகினேன். முதல் தரம் கொட்டையோடு பிளெண்டரில் போட்டுவிட்டேன். நெல்லிக் கொட்டை கல்லு மாதிரி. பிளெண்டர் உறுமிவிட்டு நின்றது, பிளேடில் ஒரு பல் மழுங்கியது. பிறகு கற்றுக்கொண்ட முறை இது: நெல்லிக்காயின் மேலே ஆறு கோடு ஓடும். கோட்டின் மேல் கத்தியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் சுளை சுளையாகக் கொட்டையை விட்டுக் கழன்றுவரும். ஒரு கிலோவுக்கு 20 நிமிடம். அரைத்து, பழைய வாயில் (மெல்லிய பருத்தித் துணி) சாரித் துண்டில் போட்டு முறுக்கிப் பிழிய வேண்டும். தேயிலை வடியில் ஊற்றினால் சக்கை அடைத்துக்கொள்ளும். புதிதாக வாங்கிய பெரிய வடிக்குக் கொடுத்த 350 ரூபா அநியாயம், வாயில் துணியே போதும். ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 450 மில்லிலீட்டர் வந்தது.

அந்த முதல் போத்தலை அடுப்படித் தட்டில் வைத்தேன். கச்சான் காற்று அடிக்கும் காலம், வீட்டுக்குள்ளேயே அனல். மூன்றாம் நாள் இரவு "டப்" என்று ஒரு சத்தம். மூடி கழன்று சுவரெல்லாம் நுரை, வீடு முழுக்கக் கள்ளு மணம். ஒரு கிலோ போச்சு. அடுத்த கிலோவை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தோம். ஒரு கட்டி 15 மில்லிலீட்டர், ஒரு தரத்துக்கு மூன்று கட்டி. அளவும் மாறாது, கெடவும் கெடாது. தட்டு 280 ரூபா, இந்த முழுக் கூத்திலும் நான் கவலைப்படாமல் செலவழித்த காசு அதுதான்.

இனி அளவு. கண்ணை நம்பக்கூடாது என்று தாச்சி காட்டிக் கொடுத்துவிட்டதால், மூன்று விதமாக அளந்தோம்.

ஒன்று, உதிர்வது. முழுகும் முன் மடியில் வெள்ளைப் பொப்ளின் துணியை விரித்து, இடப்பக்கம் 50 தரம் சீவி விழுந்ததை எண்ணுவது, துணியை உதறிவிட்டு வலப்பக்கம் 50. முடியை எண்ணுவது கடினம் என்று நினைப்பீர்கள். பித்தளை ஊசிகளையும் கொக்கிகளையும் எண்ணிப் பழகியவளுக்குக் கடினமில்லை, பத்துப் பத்தாகப் பிரித்துத் துணியில் வரிசையாக ஒட்டிவிட்டால் சரி.

இரண்டு, முளைப்பது. கட்டி மட்டையில் ஒரு சென்ரிமீட்டருக்கு ஒரு சென்ரிமீட்டர் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டினேன். புருவ நடுவிலிருந்து அங்குல ரேப்பால் வகிட்டோடு ஆறு அங்குலம் பின்னே, அங்கிருந்து ஒன்றரை அங்குலம் இடமும் வலமும். அந்த இடத்தில் மட்டையை வைத்து, கிணற்றடி வெளிச்சத்தில் மகள் கிட்ட வைத்துப் படம் எடுப்பாள். படத்தைப் பெரிதாக்கி ஜன்னலுக்குள் இருக்கும் குட்டி முடிகளை மட்டும் எண்ணுவோம். குட்டி முடியிலும் இரண்டு வகை உண்டு. முறிந்த முடியின் நுனி கத்தரித்த நூல் மாதிரி மொட்டையாக இருக்கும், புதிதாக முளைத்ததன் நுனி ஊசி மாதிரிக் கூராக இருக்கும். கூர் நுனியை மட்டும் கணக்கில் எடுத்தோம். ஒரு தலையில் வேலை செய்யத் தொடங்கியபின் தெரிந்துகொண்டதில் எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்று, வேகம். எனக்கு நரை உண்டு. தொடங்கிய நாள் முழுத் தலைக்கும் டை அடித்து, பிறகு 12 கிழமை அடிக்காமல் விட்டேன். வேரில் எவ்வளவு வெள்ளை தெரிகிறதோ அவ்வளவு வளர்ந்திருக்கிறது. ரேப்பில் மில்லிமீட்டர் பக்கத்தை வைத்துப் பார்த்தால் போதும். இதற்கு ஒரு மருந்தும் கருவியும் தேவையில்லை, வெட்கத்தை மட்டும் விட வேண்டும். வகிட்டில் வெள்ளைக் கோட்டோடு இரண்டு கலியாண வீட்டுக்குப் போனேன்.

இதிலும் ஒரு பிழை. மூன்றாம் முழுக்கில் கண்ணாடியைப் பார்த்துப் பூசினேன், இடம் வலம் மாறி நெல்லியை வலப்பக்கம் பூசிவிட்டேன். முழுகி முடிந்தபின்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு இடக்கை மணிக்கட்டில் சிவப்பு நூல் ஒன்று கட்டினேன், சிவப்புப் பக்கம் நெல்லிப் பக்கம். சாறு வகிட்டைத் தாண்டி வடியாமலிருக்க, வாயில் துணியை விரல் மொத்தத்துக்குச் சுருட்டி வகிட்டோடு கிளிப் குத்தினேன். நடுவில் அணை கட்டின மாதிரி. மகள் அதற்குக் கல்லடிப் பாலம் என்று பெயர் வைத்தாள்.

கணக்கு இதுதான். தொடங்கும்போது 50 சீவலுக்கு இடம் 46, வலம் 44. நாலாம் கிழமை 38, 37. எட்டாம் கிழமை இடம் 27, வலம் 29. அந்த ஒரு கிழமைதான் நெல்லிப் பக்கம் முந்தியது, அன்றைக்கு நான் கோழிக்கறி சமைத்தேன். 12ஆம் கிழமை 19, 18. ஜன்னலுக்குள் கூர் நுனிக் குட்டி முடி தொடங்கும்போது இடம் 9, வலம் 10. முடியும்போது இடம் 22, வலம் 23. வெள்ளை வேர் இடம் 29 மில்லிமீட்டர், வலம் 30. மனிதத் தலைமுடி மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீட்டர் வளரும். 12 கிழமைக்கு 30 மில்லிமீட்டருக்குக் கிட்ட வரவேண்டிய கணக்குத்தான். தண்ணீர் பூசிய பக்கமும் அதே வேகத்தில் வந்திருக்கிறது.

துணியை மடித்து வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நெல்லி பலிக்கவில்லை என்பது கவலைதான். அதைவிட வேறொன்று உறைத்தது. உதிர்வது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, குட்டி முடி இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. முழுத் தலைக்கும் பூசியிருந்தால் நான் என்ன சொல்லித் திரிந்திருப்பேன்? நெல்லிதான் என் தலையைக் காப்பாற்றியது என்று அம்மன் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்திருப்பேன். வருகிற வாடிக்கைக்காரிகளுக்கெல்லாம் போத்தலில் ஊற்றி விற்றும் இருப்பேன். கெட்டிக்காரத்தனமாக ஒரு பொய்யும் சொல்லாமல், மனதார நம்பி விற்றிருப்பேன். டொக்டர் மார்ச்சிலேயே சொன்னது நடந்திருக்கிறது, தானே முளைக்கும் என்றார், தானே முளைத்திருக்கிறது. அதைக் காட்டிக் கொடுத்தது தண்ணீர் பூசிய அந்த வலப்பக்கம்.

பூசிய சாறு ஏன் வேரைத் தொடவில்லை என்று மகள் ஒரு படம் வரைந்து காட்டினாள். வெளியே தெரியும் முடி உயிரில்லாதது, உயிருள்ள வேர் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அதற்குச் சாப்பாடு இரத்தத்தால்தான் போகிறது. சீலையின் விளிம்பில் பூச்சு வைத்தால் தறிக்கு என்ன தெரியும் என்று நான் கேட்டேன். அப்படித்தான் என்றாள்.

இரத்தம் என்றதும் இன்னொரு விஷயம். ஓகஸ்டிலிருந்தே மெஷின் மிதிக்க எனக்கு மூச்சு வாங்கியது. ஊசியில் நூல் கோக்கக் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். வயது, வெயில் என்று விட்டிருந்தேன். செப்ரெம்பரில் கிளினிக்கில் சொன்னபோது இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 10.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தசோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையைத் தனியார் ஆய்வுகூடத்தில் செய்தேன், 2,600 ரூபா. 9 என்று வந்தது. 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். இரும்புச் சத்துக் குறைந்தாலும் முடி உதிரும் என்று அப்போதுதான் சொன்னார்கள். நான் ஆறு மாதமாக மேலே பூசிக்கொண்டிருந்தேன், உள்ளே பானை காலியாகக் கிடந்திருக்கிறது.

இரும்புக் குளிசை ஆஸ்பத்திரியில் சும்மா கிடைத்தது. கூடவே டொக்டரின் ஒரு கேள்வி: "சாப்பிட்டதும் பிளேன்டீ குடிப்பீங்களா?" குடிக்காமல்? மட்டக்களப்பில் சோறு தின்று கைகழுவின ஈரம் காயமுன் பிளேன்டீ கையில் இருக்கும். தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாதாம். தேசிக்காய், நெல்லி, கொய்யா, தோடம்பழம் மாதிரி விற்றமின் சி உள்ளவை சேரவைக்குமாம், முக்கியமாகக் கீரை, பருப்பில் உள்ள இரும்பை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. தேசிக்காயும் நெல்லியும் தலையில் போய்ச் செய்யாத வேலையை வயிற்றில் செய்யும் என்கிறார்.

அப்புறம் சாப்பாட்டு மேசையில் சின்னச் சின்ன மாற்றம். முருங்கையிலை வறைக்கு இறக்கியபின் அரைத் தேசிக்காய். மத்தியானச் சோற்றோடு கொஞ்சம் நெல்லிச் சாற்றை ஒரு கோப்பைத் தண்ணீரில் கலந்து உப்புப் போட்டுக் குடித்தேன். முகம் கோணும், ஆனால் பிறகு தண்ணீர் குடித்தால் இனிக்கும். பிளேன்டீயை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தேன். இந்த முழு வருடத்திலும் எனக்குக் கடினமாக இருந்தது தேசிக்காய் எரிவோ வெங்காய மணமோ இல்லை, அந்த இரண்டு மணி நேரம்தான். குளிசையால் மலம் கறுத்தது, வயிறு இறுகியது. பப்பாசிப்பழம் அதற்கு உதவியது.

டிசம்பர் முதல் கிழமை திரும்பப் பார்த்தேன், இன்னொரு 2,600. ஹீமோகுளோபின் 12.1, பெரிட்டின் 31. மெஷின் மிதிக்கும்போது மூச்சு வாங்குவதில்லை. 50 சீவலுக்கு இடம் 8, வலம் 7.

குளிசைதான் இதைச் செய்தது என்று எழுதக் கை வருகிறது, ஆனால் எழுத முடியாது. செப்ரெம்பரிலேயே உதிர்வு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. குளிசை விழுங்கியது முழு உடம்பும், அதைப் பாதித் தலைக்கு விழுங்க வழியில்லை. மூச்சு வாங்குவது நின்றதற்கு இரும்புதான் காரணம் என்று சொல்வேன். முடிக்கு எவ்வளவு பங்கு அதனுடையது, எவ்வளவு காய்ச்சல் இறங்கிய பங்கு என்று என் நோட்டுப் புத்தகத்தில் பிரிக்க முடியவில்லை.

செலவு: தேசிக்காய் 240, வெங்காயம் 420, நெல்லி ஐந்து கிலோ 2,000, வடி 350, ஐஸ் தட்டு 280, டை இரண்டு பெட்டி 360, நெற்றிக்குக் களிம்பும் கிரீமும் 950. எல்லாம் 4,600 ரூபா. பரிசோதனை இரண்டு தரம் 5,200. கெட்டுப்போன தலையணை உறைகள் வெட்டுத் துணியில் தைத்தவை, அதைச் சேர்க்கவில்லை. பிளெண்டர் பிளேடை என் வீட்டுக்காரர் இன்னும் கவனிக்கவில்லை.

திரும்பச் செய்வதென்றால் முதலில் இரத்தத்தைப் பார்ப்பேன், பிறகுதான் சந்தைக்குப் போவேன். பாதித் தலை, மட்டை ஜன்னல், டைக் கோடு மூன்றையும் அப்படியே வைப்பேன். ஆனால் படத்தை எண்ணும்போது எது எந்தப் பக்கம் என்று மகளுக்குத் தெரியாமல் கலைத்துக் கொடுப்பேன். எட்டாம் கிழமைப் படத்தை எண்ணும்போது அவளும் நெல்லிப் பக்கம் வெல்லட்டும் என்று ஆசைப்பட்டதை முகத்தில் கண்டேன். உதிர்ந்து முளைக்கிற காலத்தில் தொடங்கவும் மாட்டேன், ஒன்றும் நடக்காமல் தலை அமைதியாக இருக்கும் காலத்தில் தொடங்கினால்தான் சாறு ஏதும் செய்தால் தெரியும். சாறு எதுவானாலும் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போகமாட்டேன். அதற்கு நோட்டுப் புத்தகம் தேவையில்லை, நெற்றியே இருக்கிறது.

சரி, அந்த ஒன்றரைத் தட்டு. நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி வந்தார். அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம், இப்போது கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறதாம். "உன்ட தலை திரும்ப நிறைஞ்சிட்டே, நெல்லிதானே பூசினா நீ?" என்று கேட்டார். நான் முழுக் கதையையும் சொன்னேன். பாதித் தலை, தண்ணீர்ப் பக்கம், 22, 23, பெரிட்டின் எல்லாம். பிள்ளை பெற்ற பிறகு இப்படிக் கொட்டுவதும் தானே நிற்கிற ஒன்றுதான், முதலில் இரத்தத்தைப் பாருங்கள், பிளேன்டீயைத் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள் என்றேன். மாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் சரி புள்ள, மறுகா பாப்பம். அந்த நெல்லிக் கட்டி மிச்சம் கிடக்கா?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பூசுவதென்றால் பாதித் தலைக்கு மட்டும் பூசிப் பார்க்கச் சொன்னேன். "பாதிக்குப் பூசினா மற்றப் பாதி கோவிக்காதா?" என்று சிரித்துக்கொண்டு போனார். மாமியின் மகளுக்கு அடுத்த வருடத்துக்குள் முடி நிறைந்துவிடும், பெயர் நெல்லிக்குத்தான் போகும். ஐஸ் தட்டை மட்டும் கழுவித் திருப்பித் தரச்சொல்லியிருக்கிறேன்.